மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் அச்சங்குளம், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஒருவருக்குக் கடும் நோய் வந்துவிட்டால், முதலில் உள்ளூர் மருத்துவமனை, அடுத்து மதுரை. அங்கும் கைவிரித்துவிட்டால் வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று பெரியவர்கள் சொல்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வேலூர் என்றாலே நம்மவருக்குக் கோட்டையும் நினைவுக்கு வருவதில்லை, சிப்பாய்க் கலகமும் நினைவுக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரை அவ்வூருக்குத் தேடித் தந்தவர் ஒரு பெண்மணி. மருத்துவம் படிக்க விரும்பும் நம் பள்ளி மாணவியர் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நலம்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் மருத்துவத் தொண்டாற்றியவர்; பின்னர் தமிழகம் வந்தார். அவருடைய ஆண்மக்கள் எழுவரும் இந்நாட்டிலேயே தொண்டு செய்தனர். அவர்களுள் ஒருவரான மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடரின் ஒரே மகள் ஐடா. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் தானாகவே தொண்டுக்கு வந்திருப்பாள் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. ஐடாவுக்கு இந்தியாவே வேண்டாமென்றிருந்தது!

காரணம் இல்லாமல் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டி வதைத்தது. ஆறேழு வயதுக் குழந்தையாக இருந்த ஐடா, பட்டினியால் வாடிய பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைப் பிய்த்துக் கொடுத்தார். உண்ணவும் வலுவின்றிக் கிடந்த அப்பிள்ளைகளின் முகங்கள் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தையார் திரும்பி வந்தார். அடுத்துத் தாயாரும் வந்தார். மகள் மட்டும் உறவினர் வீட்டில் விடப்பட்டாள். தாயார் புறப்பட்டுச் சென்ற இரவு, அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுதாளாம் சிறுமி ஐடா. விடுதியில் தங்கிப் படிக்கும் நம் தோழியருக்கு அந்த அழுகை புரியும். அமெரிக்காவிலேயே நல்ல வாழ்க்கை அமைத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்திருந்ததில் வியப்பில்லை.

1890-இல் தாயார் நோயுற்றதால் ஐடா திண்டிவனத்துக்கு வர நேர்ந்தது. சில காலம் உடனிருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்பதே அவர் எண்ணம். அங்குதான் அந்த இரவு வந்தது. ஒரே இரவில் மூன்று ஆடவர்கள், ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். முதலில் வந்தவர் அந்தணர், அடுத்தவர் இஸ்லாமியர், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். ஐடா மருத்துவர் அல்லர். தம் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துப் போகலாம் என்றார். மூவரும் மறுத்துவிட்டனர். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்பது அக்காலத்து வழக்கம். ஐடாவுக்கு அன்றிரவு உறக்கமில்லை. விடிந்ததும் பறையொலி கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று காலையே அவர் தம் பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

சொல்வது எளிது. பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு அமெரிக்காவிலேயே அரைகுறையாகத் திறந்திருந்த காலம் அது. ஐடா 1895-இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவக் கல்லூரி 1898-இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ள முன்வந்ததும் அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையின் மிஷன் சங்கம் அவரை வேலூருக்கு மருத்துவராக நியமித்தது. ஆக, எங்கு வேலை என்பதைப் படித்து முடித்த பின் அவர் தேடவில்லை. படிப்பில் சேரும் முன்பே அது அவருக்குத் தெரிந்திருந்தது.

கப்பலேறுவதற்கு முன் மற்றொரு பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்ட வேண்டும். நாள்களோ மிகக் குறைவு. வீடு வீடாக ஏறி இறங்கினார். டேபர் என்ற மூதாட்டியிடம் அவர் வேலூர்ப் பெண்களின் நிலையை எடுத்துச் சொல்லிக் கொண்டிருந்தபோது, அந்த அம்மையாரின் உறவினரும் வங்கியாளருமான ஷெல் என்ற முதியவர் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கொண்டிருந்தார். மறுநாள் அவரே ஐடாவை அழைத்து, மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார். கேட்கக் கூச்சப்படும் நம் பெண்களுக்கு நான் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். ஐடா தமக்காகக் கேட்கவில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்பதில் அவருக்குக் குழப்பமும் இல்லை. அவர் பேச்சு அடுத்த அறையிலிருந்தவரையும் எழுந்து வரச் செய்ததற்கு அதுவே காரணம்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையிடம் பயிற்சி பெறலாம் என்றிருந்த நேரத்தில், அவ்வாண்டு மே மாதமே தந்தையார் காலமானார். ஐடா தனித்து நின்றார். வீட்டிலேயே ஒரு சிறு அறையை மருந்தகமாக்கிக்கொண்டார். முதலில் யாரும் வரவில்லை. வந்தவர்களும் இளம்பெண்ணைக் கண்டு தயங்கினர். மெல்ல மெல்ல நம்பிக்கை வளர்ந்து, இரண்டே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அந்த அறையைத் தேடி வந்தனர். 1902-இல் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டு ஒரு சிறிய பெஜோ மோட்டார் வண்டியும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் மாட்டு வண்டியில் சென்ற அம்மையார், இப்போது வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்த்தார். பேய் வண்டி வருகிறதென்று ஓடிய ஊர்மக்களே பின்னர் சாலையோரம் காத்திருக்கத் தொடங்கினர்.

ஆனால், ஒரு மருத்துவர் எத்தனை மரத்தடிகளில்தான் நிற்க முடியும்? இந்நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்ற முடிவுக்கு ஐடா வந்தார். சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவராயிருந்த பிரைசன் என்ற ஆங்கிலேயருக்கு இதில் நம்பிக்கையில்லை. ஆறு விண்ணப்பங்கள் வந்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்றாராம். விண்ணப்பங்களோ வந்து குவிந்தன. பலரைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. 1918 ஆகஸ்டில் பள்ளி திறக்கப்பட்டது. எல்.எம்.பி. என்ற நான்காண்டுப் படிப்பு அது. ஆண்களே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார்கள், பெண்களிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு முதலாண்டுத் தேர்வு வந்தது. ஐடாவின் மாணவியர் பதினால்வரும் தேறினர். 1922-இல் அந்தப் பதினால்வரும் மருத்துவர்களாக வெளியேறினர்.

இனி, இக்கட்டுரையை நான் எழுதப் புகுந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். வேலூர்க் கல்லூரியில் ஒரு தனி வழக்கம் வேரூன்றியது. அங்குச் சேரும் மாணவரில் பலரைத் திருச்சபைகளும் மிஷன் மருத்துவமனைகளும் பரிந்துரைத்து அனுப்புகின்றன. ஸ்பான்சர்ஷிப் என்று அதைச் சொல்வார்கள். பரிந்துரை பெறுபவர், படித்து முடித்தபின் இரண்டு ஆண்டுகள் தம்மை அனுப்பிய அமைப்பின் மருத்துவமனையில் பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தருகிறார். அம்மருத்துவமனை பெரும்பாலும் பெரிய ஊரில் இராது. கல்லூரிக் கட்டணமோ தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. நம் கத்தோலிக்க ஆயர் பேரவை 1963-இல் பெங்களூரில் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியிலும் கிராமப்புறச் சேவைக்கான ஒப்பந்தம் உண்டு. அங்குப் படித்த அருட்சகோதரி மருத்துவர்கள் எத்தனையோ சிற்றூர்களில் இன்று பணியாற்றுகின்றனர். இப்போது எந்தக் கல்லூரியானாலும் நீட் தேர்வு எழுதியாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஓர் இடைச்செய்தி. துறவறச் சகோதரியர் மருத்துவராகத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் இடம் தரவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்த மருத்துவர் மேரி குளோரி அம்மையார் திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே பணி செய்தார். அந்தத் தடை 1936-இல்தான் நீங்கியது. ஆகவே நம் சகோதரியர் கழுத்தில் இன்று ஸ்டெதஸ்கோப்பைப் பார்க்கும்போது, அதற்கும் யாரோ போராடியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இத்தகைய ஒப்பந்தத்தைச் சிலர் விலங்கு என்கிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் கையெழுத்திட்டுவிட்டு, இருபத்து நான்கு வயதில் மேற்படிப்பும் திருமணமும் எதிரே நிற்கும்போது அது சுமையாகத் தெரிவது இயல்பே. அதை மறைத்துப் பேசுவது மாணவியருக்கு நன்மை செய்வதாகாது. பெற்றோர் முன்கூட்டியே சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். எத்தனை ஆண்டுப் பணி? எந்த ஊர் மருத்துவமனை என்பதை யார் முடிவு செய்வார்? பணிக்கு முன்பே மேற்படிப்புக்குச் செல்லலாமா? இடையில் விலகினால் எவ்வளவு தொகை கட்ட வேண்டும்? இவற்றை வாய்மொழியாகக் கேட்டால் போதாது. தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் பக்தி மிகுந்த சொற்களை அடுக்குவதைவிட, தன் ஊரில் தான் கண்ட தேவை என்னவென்று நான்கு வரி உண்மையாக எழுதுவதே மேலானது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகும் பெற்றோரின் மக்கள் நம்முள் பலர். 2021 பிப்ரவரியில் நம் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்துப் பல உயிர்கள் மாண்டதை இங்கு யாரும் மறக்கவில்லை. தீக்காயம் பட்டவர்களைச் சாத்தூர், சிவகாசி, மதுரை என்று கொண்டு ஓட வேண்டியிருந்தது. தீக்காயத்தில் முதல் சில மணி நேரச் சிகிச்சை உயிரைக் காக்கும். உடலிலிருந்து வற்றும் நீரை ஈடுகட்ட வேண்டும். புண்ணில் நச்சுக் கிருமி சேராமல் காக்க வேண்டும். அதற்குரிய மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். கூலிக்கு வேலை செய்யும் தந்தை தம் மகளை மருத்துவம் படிக்க வைக்க முடியாது என்று பெருமூச்சு விடும் வீட்டுக்கு, இரண்டாண்டுப் பணி ஒப்பந்தம் விலங்காகத் தெரியுமா, ஏணியாகத் தெரியுமா?

ஐடா அம்மையாரின் வரலாற்றில் கடுஞ்சோதனை அவருடைய முதுமையில்தான் வந்தது. 1938 அளவில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். மட்டுமே இனிச் செல்லும் என்று முடிவு செய்தது. பட்டக் கல்லூரியாக உயர வேண்டுமானால் கூடுதல் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். கையில் பணமில்லை. இல்லாவிட்டால் கல்லூரி மூடப்படும். எழுபது வயதான அம்மையார் உலகப் போரின் நடுவே 1941-இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லா மிஷன்களும் சேர்ந்து உதவும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கென்றே கட்டிய கல்லூரி ஆயிற்றே! அவருக்கு நெடுங்காலம் துணைநின்று நிதி திரட்டிய பீபடி அம்மையார் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஐடாவின் மனமும் அலைக்கழிந்தது. தாம் வகுத்த வடிவம் நிலைப்பதா, கல்லூரி நிலைப்பதா என்ற கேள்வியில் அவர் கல்லூரியைத் தேர்ந்தார். நெடுநாள் தோழியின் மனம் நோகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. மூன்று பெண்களின் சாவைக் கேட்டு எழுந்ததைவிட இதற்கே அதிக உறுதி வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1946-இல் ஐடா ஓய்வு பெற்றார். 1947-இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர். விசாகப்பட்டினத்தில் பிறந்த மருத்துவர் ஹில்டா லாசரஸ் அம்மையார் சில ஆண்டுகளில் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

ஓய்வுக் காலத்தை ஐடா கொடைக்கானலில் தம் இல்லத்தில் கழித்தார். அமெரிக்காவிலிருந்து ஊர்ப்பெயர்கூட இல்லாமல் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அவருடைய உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.