தனித்துப் பாடிய பிரெட்டி மெர்க்குரி

எம் ஊராகிய சிலமலை போடிநாயக்கனூரை அடுத்தது. மேற்கே நோக்கின் ஏலமலை கண்ணிற் படும். சென்ற கோடை விடுமுறையில் என் தாய்மாமனார் பெட்டியிற் கிடந்த பழைய ஒலிநாடா ஒன்றை எடுத்துக் கேட்டேன். 1985 ஏப்ரலில் வெளிவந்த அதற்கு ‘மிஸ்டர் பேட் கை’ என்று பெயர். வெறும் ஆரவாரப் பாட்டு என்றெண்ணிப் பாதி கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்த என்னை, மறுபுறத்தின் நான்காம் பாட்டாகிய ‘லிவிங் ஆன் மை ஓன்’ நிறுத்திவிட்டது. துள்ளி ஆடுதற்குரிய தாளத்தின்மேல் ஒருவர் தம் தனிமையைப் பாடுகிறார். இடையே சொல்லின்றிக் குரலை மட்டும் உருட்டி விளையாடுகிறார். இத்துணை மகிழ்ந்த தாளத்தில் இத்துணைத் தனிமை எங்ஙனம் புகுந்தது? அதனை அறிய விரும்பியே அவர் சரிதையைத் தேடிப் படித்தேன்.

பிரெட்டி மெர்க்குரி எனப் பின்னர்ப் பெயர் பூண்ட அவர், 1946 செப்டம்பர் 5-ஆம் நாள், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையை அடுத்த சான்சிபார் தீவிலே, குஜராத்திலிருந்து சென்ற பார்சிக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பரோக் புல்சாரா. தந்தையார் அங்கு ஆங்கில அரசாங்கத்திற் காசாளர். மகனுக்கு வயது எட்டு நிரம்பியதும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினர். மராட்டிய நாட்டு மலையூராகிய பஞ்சகனியிலே தூய பேதுரு பள்ளியின் விடுதியிற் சேர்ந்தார். அம்மலையும் நம் மலையும் ஒரே தொடர் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு. யானும் சிறுவயதிலேயே விடுதிக்குச் சென்றவன். முதல் வாரம் முழுதும் போர்வைக்குள் அழுதவன். ஆயினும் திங்கள்தோறும் பேருந்தேறி வீடு திரும்புவேன். அவருக்கோ வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. விடுமுறை பலவற்றைப் பம்பாயில் இருந்த உறவினரோடே கழித்தார்.

அவர் இசைத்திறத்தைக் கண்ட தலைமையாசிரியர் பெற்றோர்க்கு எழுதி, பியானோ கற்க ஏற்பாடு செய்தார். பள்ளியின் பாடகர் குழுவிலும் அவர் பாடினார். பிரெட்டி என்னும் பெயரும் அவருக்கு அப்பள்ளியிலேயே வழங்கலாயிற்று. 1958-இல் தோழர் நால்வருடன் ‘ஹெக்டிக்ஸ்’ என்றொரு குழு அமைத்தபோது அதன் முதற்பாடகர் வேறொருவர். இவர் பியானோவின் பின்னே அமர்ந்திருந்தார். உலகம் வியந்த குரல் நம் நாட்டில் இருந்த காலத்தில் ஒதுங்கியே இருந்தது போலும்.

1963-இல் தீவுக்கு மீண்டார். மறு ஆண்டே அங்குப் புரட்சி மூண்டது. குடும்பம் உயிருக்கஞ்சி இங்கிலாந்து சேர்ந்தது. ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயின்றார். 1970-இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் என்போருடன் கூடிக் ‘குயீன்’ குழுவைத் தொடங்கினார்; மறு ஆண்டு ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். குடிப்பெயரை நீக்கி மெர்க்குரி ஆனதும் அக்காலத்திலேதான். ஏறத்தாழ ஆறு நிமிடம் நீளும் ‘பொகீமியன் ராப்சடி’ 1975-இல் ஒன்பது வாரம் இங்கிலாந்தில் முதலிடத்தில் நின்றது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை.

யான் கேட்ட ஒலிநாடாவுக்கு வருவோம். ஜெர்மனியின் மியூனிக் நகரில், மேக் என்னும் ஒலிப்பதிவாளர் துணையோடு அதனை உருவாக்கினார். பதினொரு பாட்டும் அவரே இயற்றியவை. தோழர் மூவரும் அதில் இல்லை. நூலாசிரியர் தம் நூலைப் பெரியோர்க்கு உரிமையாக்குதல் போல, இவர் தம் படைப்பைத் தாம் வளர்த்த பூனைகளுக்கு உரிமையாக்கினார்! குறையையும் சொல்லவேண்டும். மின்விசைக் கருவிகளின் ஒலி மிகுந்து சில பாட்டுக்கள் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. மேயின் கிதார் இல்லாத வெற்றிடம் செவிக்குப் புலனாகின்றது. எனினும் அவ்வெற்றிடத்தாலேயே குரல் மறைப்பின்றி நம்மை வந்தடைகின்றது என்பது என் கருத்து. இங்கிலாந்தில் ஆறாம் இடம் பெற்ற அது, அமெரிக்காவில் 159-ஆம் இடத்தோடு நின்றது.

மூன்று திங்கள் கழியுமுன், 1985 ஜூலை 13-ஆம் நாள், எத்தியோப்பியப் பஞ்சத்திற்கு நிதி திரட்டிய பெருங்கச்சேரியில், அதே தோழர் மூவரோடும் வெம்பிளி அரங்கில் ஏறினார். இருபது நிமிட அளவே பாடினார். எழுபதினாயிரம் பேருக்கு மேல் கூடிய அவ்வரங்கு அவர் கையசைவுக்கு ஒரே குரலாய் மறுமொழி தந்தது. தனித்துப் பாடியவர் இவர்தாமோ என ஐயுறத் தோன்றும்.

1988-இல் ஸ்பானிய இசையரசி மான்செராத் கபாயேயுடன் ‘பார்சிலோனா’ பாடி அளித்தார். அதற்குள் எய்ட்ஸ் நோய் அவரைப் பற்றியிருந்தது. 1991 நவம்பர் 23-ஆம் நாள் அதனை உலகுக்கு அறிவித்தார். மறுநாளே நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். பார்சி முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. என்னை நிறுத்திய அப்பாட்டு, புதிய தாளம் சேர்க்கப்பெற்று, 1993-இல் இங்கிலாந்தில் முதலிடம் எய்தியது. கேட்க அவர் இல்லை.

1995-இல் தோழர் மூவரும் அத்தனித் தொகுப்பிலிருந்து இரண்டு பாட்டுக்களை எடுத்து, அவர் குரலை அப்படியே வைத்துத் தம் கருவிகளைச் சேர்த்து இசைத்து, ‘மேட் இன் ஹெவன்’ என்னும் தொகுப்பில் வெளியிட்டனர். ஊரிலிருந்து கல்லூரிக்குத் திரும்பிய இரவு, விடுதி அறையில் அவற்றைக் கேட்டேன். ஒலிநாடாவில் இல்லாத கிதார் அங்கே ஒலித்தது.