காற்றாலையில் ஒரு கணித மேதை – ஜார்ஜ் கிரீன்



சென்ற கோடை விடுமுறைக்கு என் பேரன் வந்திருந்தான். இஞ்சினீயரிங் முதல் வருஷம் முடித்தவன். ஒரு நாள் சாயங்காலம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். டைரக்ஷனல் டெரிவேட்டிவ், கிரேடியன்ட் என்று இரண்டு சமாசாரங்கள் வருகின்றன, ஃபார்முலா போட்டு மார்க் வாங்கியாகிவிட்டது, ஆனால் அவை எதற்கு என்றுதான் விளங்கவில்லை என்றான். முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் அதே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான். யோசித்துப் பார்த்தால் நானும் கரும்பலகையில் ஃபார்முலாவைத்தான் எழுதிப் போட்டிருக்கிறேன். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஜார்ஜ் கிரீனின் வாழ்க்கையை மறுபடி படித்தேன். கணக்கு பி.எஸ்ஸி. படித்தவர்கள் எல்லோரும் கிரீன் தேற்றம் என்று கேட்டிருப்பீர்கள். அந்த கிரீன்தான் இவர்.

முதலில் பேரனுக்குச் சொன்ன விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் திருமலைக்குப் போனவர்கள். படிக்கட்டு ஏறிப் போனால் மூச்சு வாங்குகிறது. பஸ் ரோடு அதே மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதால் சிரமம் தெரிவதில்லை. மலை ஒன்றுதான், போகும் திசையைப் பொறுத்து ஏற்றம் மாறுகிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றுகொண்டு, இந்தத் திசையில் அடி வைத்தால் எவ்வளவு ஏற்றம் என்று கேட்பதுதான் டைரக்ஷனல் டெரிவேட்டிவ்.

சீரான சரிவு ஒன்றில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கிழக்கே 100 அடி போனால் 3 அடி உயர்கிறது. வடக்கே 100 அடி போனால் 4 அடி உயர்கிறது. இந்த இரண்டு எண்கள் தெரிந்தால் போதும், மற்ற எந்தத் திசைக்கும் ஏற்றத்தைக் கணக்கிட்டுவிடலாம். சரியாக வடகிழக்கில் போனால் 100 அடிக்கு 4.95 அடி. அதிலிருந்து சற்றே வடக்குப் பக்கம் ஒதுங்கினால் 5 அடி. அதுதான் அந்த இடத்தின் மிகச் செங்குத்தான வழி. அந்தத் திசையும் அந்த 5 என்ற அளவும் சேர்ந்ததுதான் கிரேடியன்ட். அதற்கு நேர் குறுக்கே நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மழைத் தண்ணீர் கிரேடியன்டுக்கு நேர் எதிர்த் திசையில் ஓடும்.

இது மலைக்கு மட்டும் என்றால் இத்தனை பாடு பட வேண்டியதில்லை. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் இதே கணக்கை முழுமையாகப் பிரயோகித்துக் காட்டியவர் கிரீன். அவர் கணிதம் படித்து வந்த விதம்தான் ஆச்சரியம்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்ற ஊரில் 1793-ல் ஒரு பேக்கரிக்காரரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஓராண்டுக்குச் சற்று மேல் படித்தார், அவ்வளவுதான். பிறகு அப்பாவின் பேக்கரியில் வேலை. 1807-ல் தகப்பனார் ஊருக்குப் பக்கத்தில் ஸ்னைண்டன் என்ற இடத்தில் கோதுமை அரைக்கச் செங்கல்லில் பெரிய காற்றாலை ஒன்றைக் கட்டினார். மகனுக்கு அங்கே வேலை மாறியது. காற்று அடிக்கும்போது அரைத்தாக வேண்டும், ராத்திரி பகல் பார்க்க முடியாது. கிடைத்த நேரத்தில் ஆலையின் மேல்தட்டில் உட்கார்ந்து படித்தார் என்று சொல்வார்கள்.

யாரிடம் படித்தார் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. அந்த ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த டாப்லிஸ் என்பவர் லாப்லாஸின் பிரெஞ்சு நூலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவர் வழிகாட்டியிருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் ஊகம். 1823-ல் கிரீன் ஊர்ச் சந்தா நூலகத்தில் அங்கத்தினரானார். அதற்குப் பிறகு ஐந்தே வருஷத்தில், 1828-ல், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கணிதத்தைப் பிரயோகிப்பது பற்றித் தம் சொந்த முயற்சியில் ஒரு நூலை வெளியிட்டார்.

அந்த நூலின் சாரம் இது. வெளியில் நூறு இடங்களில் மின்னூட்டம் இருக்கிறது. ஓர் இடத்தில் அவற்றின் விசை எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். நேர்வழியில் போனால் நூறு அம்புகளைத் திசை பார்த்துக் கூட்ட வேண்டும். கிரீன் வழியில் ஒவ்வொரு மின்னூட்டத்தையும் அதன் தூரத்தால் வகுத்து, கிடைக்கும் நூறு சாதாரண எண்களைக் கூட்டினால் போதும். மலையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உயரம் இருப்பதுபோல, வெளியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கிடைத்துவிடுகிறது. அந்த எண் ஒரு திசையில் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அதுவே அந்தத் திசையில் விசை. லக்ராஞ்சும் லாப்லாஸும் புவியீர்ப்புக் கணக்கில் இப்படி ஓர் எண்ணை முன்பே கையாண்டிருந்தார்கள். அதற்குப் பொடென்ஷியல் ஃபங்க்ஷன் என்று பெயர் வைத்து, அதன் முழு வலிமையையும் காட்டியவர் கிரீன். கிரேடியன்ட் என்ற பெயரும் தலைகீழ் முக்கோணக் குறியும் அவருக்குப் பின்னால் வந்தவை.

இந்த நூலை யார் வாங்கினார்கள்? முன்பணம் கட்டிய சந்தாதாரர்கள் 51 பேர். விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். பலர் உள்ளூர் நூலகத்து அங்கத்தினர்கள். அவர்களில் அநேகருக்கு ஒரு பக்கம்கூடப் புரிந்திருக்காது. நம் ஊர் ஆலைக்காரர் ஏதோ எழுதியிருக்கிறார் என்று வாங்கினார்கள் போலும்.

புரிந்துகொள்ளக் கூடிய ஒருவரும் அந்தப் பட்டியலில் இருந்தார். சர் எட்வர்ட் பிராம்ஹெட், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், பாபேஜ் போன்றவர்களின் நண்பர். இனி எழுதுவதைப் பெரிய சபைகளுக்கு அனுப்பத் தாம் உதவுவதாக உடனே கடிதம் போட்டார். கிரீன் பதில் எழுதவில்லை. பெரிய மனிதர்கள் மரியாதைக்காக அப்படி எழுதுவார்கள், அதை நம்பித் தொந்தரவு செய்யக் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, 1830-ல்தான் பதில் போட்டார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பல வருஷங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன், வசதியில்லாத வீட்டுப் பையன், வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் தன்னை வந்து பார்க்கச் சொல்லி எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினான். அவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், செலவு செய்துகொண்டு போகாதே என்று புத்தி சொன்னேன். அவன் போகவில்லை. பிறகு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தான். போயிருந்தால் என்ன ஆகியிருப்பானோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் போலச் சொன்னேன், அதுதான் என் தவறு.

கிரீனுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடைத்தது. பிராம்ஹெட் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் கட்டுரைகளைப் பிரசுரிக்க உதவினார், கேம்பிரிட்ஜில் சேரவும் தூண்டினார். 1829-ல் தகப்பனார் காலமாகி, சொத்து கைக்கு வந்திருந்தது. 1833-ல், நாற்பதாவது வயதில், கிரீன் பதினெட்டு வயதுப் பையன்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டார். 1837-ல் நான்காவது ராங்லராகத் தேறினார். நம் நாட்டில் ராங்லர் பராஞ்ச்பே என்று சொல்கிறோமே, அதே பட்டம்தான். 1839-ல் கல்லூரியின் ஃபெலோ ஆனார்.

அவர் வாழ்க்கையில் நமக்கு உறுத்தும் ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆலை மேலாளரின் மகள் ஜேன் ஸ்மித்துடன் ஏழு குழந்தைகள் பெற்றும் கடைசிவரை விவாகம் செய்துகொள்ளவில்லை. ஃபெலோ பதவிக்கு விவாகமாகாதவராக இருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. அந்தப் பெண்மணி பட்ட சிரமத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பதவி அதிக நாள் நிலைக்கவில்லை. உடம்பு சரியில்லாமல் 1840-ல் ஊர் திரும்பினார். 1841 மே 31 அன்று, 47 வயதில் காலமானார். ஆலைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை சில வரிகளோடு நிறுத்திக்கொண்டது. அவருடைய உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து, வில்லியம் தாம்ஸன் என்ற இருபது வயது மாணவர் வேறொரு கட்டுரையில் கிரீனின் நூல் பற்றிய குறிப்பைப் பார்த்துவிட்டு அதைத் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்கவில்லை. 1845 ஜனவரியில் பாரிஸுக்குக் கிளம்பும் தறுவாயில் தம் ஆசிரியர் ஹாப்கின்ஸிடம் தற்செயலாகச் சொல்ல, பிரதிகள் அவரிடமே இருந்தன! தாம்ஸன் எடுத்துப்போய் பாரிஸில் லியூவில், ஸ்டர்ம் ஆகிய கணித வல்லுநர்களிடம் காட்டினார். பிறகு அவருடைய முயற்சியால் ஜெர்மனியின் கிரெல்லே சஞ்சிகையில் 1850 முதல் 1854 வரை நூல் மறுபிரசுரமாகி உலகத்துக்குத் தெரியவந்தது. இந்தத் தாம்ஸன்தான் பின்னாளில் லார்ட் கெல்வின்.

கிரீனின் முறைகள் இன்று பூகம்ப ஆராய்ச்சி முதல் குவாண்டம் இயற்பியல் வரை பயன்படுகின்றன. 1947-ல் தீப்பிடித்து அழிந்த காற்றாலையை 1980களில் புதுப்பித்தார்கள். 1993-ல், அவர் பிறந்து இருநூறு வருஷம் ஆனபோது, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டன் சமாதிக்கு அருகில் அவருக்குப் பெயர்க்கல் பதித்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பேரன், அந்த 51 பேர் பணம் கட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றான். நல்ல கேள்வி. புத்தகம் அச்சாகாமலே போயிருக்கலாம், பிராம்ஹெட் கையில் பிரதியும் கிடைத்திருக்காது. நம் எல்லோராலும் கிரீன் ஆக முடியாது. அந்த 51 பேரில் ஒருவராக இருப்பது முடியும். நம் வட்டத்திலோ வெளியிலோ, எந்த வீட்டுக் குழந்தையானாலும் சரி, நமக்குப் புரியாத ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால் இரண்டு ரூபாய் கொடுத்து ஆதரிப்போம். ஆதரிக்க முடியாவிட்டாலும், அதெல்லாம் நடக்காது என்று மட்டும் சொல்லாதிருப்போம். நான் சொன்னேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.