கல்லுக்கு எண் அளித்த பண்டிதர்

ஜெர்மனியில் 1857-இல் பிறந்த யூஜின் ஹுல்ட்ஷ் பண்டிதர், 1886-இல் சென்னை அரசாங்கச் சாசன ஆராய்ச்சியாளராக அமர்ந்தனர். நாட்டிலுள்ள கல்வெட்டுகள் எத்தனையென ஒருவரும் அறியார். ஆதலின் ஊர்தோறும் எண்களை முன்னரே ஒதுக்கிவைத்தல் இயலாது. அவர் அலுவலகத்திற் படியெடுத்த வரிசையில் அடுத்த எண் வழங்கப்பெற்றது. ஆண்டு மாறின் மீண்டும் ஒன்று முதல். எண்ணும் ஆண்டும் சேர்ந்தே சாசனத்தின் அடையாளம். மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கேயுள்ள பெருமுக்கல் மலைக்கோயிற் சாசனங்களும் பின்னர் இம்முறையிலேயே எண் பெற்றன. ஆங்கிலேயர் அவ்வூரைப் பெர்மக்கோயில் எனத் திரித்தெழுதினர், எண்ணோ திரிவதில்லை. இக்காலக் கணினியின் கெர்னலும் வேண்டும்பொழுதே பணிக்கு எண் வழங்குகின்றது. ஆயின் பணி முடிந்தபின் அவ்வெண்ணைப் பிறிதொன்றிற்கு அளித்துவிடும். சாசனப் பதிவில் அஃது ஆகாது: கல் உடைந்தொழியினும் எண் அதற்கே உரியது. பண்டிதர் 1903-இல் தாய்நாடு திரும்பி, ஹாலே நகரில் பேராசிரியராயிருந்து, 1927-இற் காலமாயினர்.