வடிவீசுவரம் ஈன்ற நீலகண்ட சிவன்

நாகர்கோவில் நகரோடு இன்று கலந்துவிட்ட வடிவீசுவரம், அழகம்மன் உடனுறை சுந்தரேசுவரர் திருக்கோயிலைச் சூழ்ந்து எழுந்த பழைய ஊர். அவ்வூரில் 1839ஆம் ஆண்டு தோன்றியவர் நீலகண்ட சிவன். திருவிதாங்கூர் அரியணையில் அப்போது வீற்றிருந்தவர் சுவாதித் திருநாள் மகாராசா. தஞ்சை வடிவேலு போன்ற இசைவாணர்கள் அணிசெய்த அவை அவருடையது. சிவனாருக்கு ஏழு வயது நிரம்புமுன்னரோ நிரம்பிய அளவிலோ, 1846இல் அம்மன்னர் மறைந்தார். ஒருவர் அரண்மனையில் பாடல் புனைந்தார். மற்றவர் அக்கிரகாரத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் புனைந்தார். பிற்காலத்தில் இருவர் பாடல்களுக்கும் நேர்ந்த கதியை இவ்வேறுபாடே முடிவு செய்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்துவிடவே, பத்மநாபபுரம் ஆரவாரம் அடங்கிய ஊராயிற்று. அங்குள்ள நீலகண்டசுவாமியிடம் சிவனார் கொண்ட ஈடுபாடு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அவ்விறைவன் பெயரையே தம் பாடல்களில் முத்திரையாகப் பதித்தார். பின்னாளில் திருவனந்தபுரத்தை அடுத்த கரமனையில் வாழ்ந்தமையால், கரமனை நீலகண்ட சிவன் என்றும் அவரைச் சுட்டுவதுண்டு. நாஞ்சில் நாட்டார் இதைக் கேட்டுச் சற்றே மனத்தாங்கல் கொள்வதில் வியப்பில்லை.

அவர் பாடியது கச்சேரிக்காக அன்று. பஜனைக்கூடத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, சூழ்ந்திருப்போர் வாங்கிப் பாடும் இசை அது. ஆகவே சொற்கள் எளியவை. சிவபெருமானிடம் நேர்நின்று முறையிடுபவை. எளிமை என்றதும் இசை நயம் குறைந்தது எனக் கருதலாகாது. பூர்வகல்யாணியில் அமைந்த ஆனந்த நடமாடுவார், முகாரியில் அமைந்த என்றைக்குச் சிவகிருபை ஆகிய இரண்டையும் கேட்டவர் அவ்வாறு கருதமாட்டார். பின்னதில் முகாரியின் சோகம் வெறும் புலம்பலாகச் சரியாமல், காத்திருப்பவனின் ஏக்கமாக நிற்கிறது.

1899இல் தஞ்சைத் தரணியிலிருந்து, தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் தாயுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தான். ராமையா என்னும் அச்சிறுவனே பின்னாளில் பாபநாசம் சிவன் எனப் புகழ்பெற்றார். அவன் வந்த மறு ஆண்டே, 1900இல், நீலகண்ட சிவன் மறைந்தார். பாடல்களோ மறையவில்லை. அந்நகரில் அவர் வளர்ந்த ஆண்டுகளில் அவர் உள்ளத்தை உருவாக்கியவற்றுள் நீலகண்ட சிவனின் பஜனை மரபு முதன்மையானது. பாபநாசம் சிவனின் தமிழ்க் கீர்த்தனைகளில் நாம் உருகும் குழைவுக்கு ஒரு வேர் கரமனையில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் சுவாதித் திருநாளின் உருப்படிகளைத் தேடித் திருத்தி மேடையேற்ற அரசே முன்வந்தது. 1939இல் திருவனந்தபுரத்தில் இசைக்கல்லூரி தோன்றிற்று. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அப்பணியில் உழைத்தனர். வேண்டிய பணியே அது. நீலகண்ட சிவனுக்கு அத்தகைய அரணில்லை. 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை, மலையாள நாட்டு இசை வரலாற்றில் அவர் தமிழர். சென்னை இசை வட்டாரத்திற்கோ தொலைவிலுள்ள சமஸ்தானத்தார். 1940களில் கிளர்ந்த தமிழிசை இயக்கம் தமிழ் உருப்படிகளின் மீது வித்துவான்களின் கவனத்தைத் திருப்பிய பின்னரே இந்நிலை ஓரளவு மாறத் தொடங்கியது. கரகரப்பிரியாவில் நவசித்தி பெற்றாலும், பௌளியில் சம்போ மகாதேவா ஆகியவை இன்று மேடைகளில் ஒலிக்கின்றன.

ஆனால் பாடல் பரவிய அளவுக்குப் பெயர் பரவவில்லை. இதற்கு எளிய காரணமொன்று உண்டு. கச்சேரியில் நேரம் கருதிப் பல்லவி, அனுபல்லவியோடு ஒரு சரணம் மட்டும் பாடி நிறுத்துவது வழக்கம். முத்திரையோ பெரும்பாலும் இறுதிச் சரணத்தில் வரும். அச்சரணம் விடுபடும்போது இயற்றியவர் பெயரும் விடுபடுகிறது. சிவன் என்ற பெயர் அறிவிக்கப்பட்டாலும், அவையோர் நினைவுக்கு வருபவர் பாபநாசத்தாரே. பஜனைக்கூடத்தில் இத்தகைய சிக்கல் எழவில்லை. அங்கே நேரத்தை எண்ணுவாரில்லை, எல்லாச் சரணங்களும் பாடப்பெற்றன.