பட்டத்தைப் பங்கிட்டுத் தந்த சகோதரி

பட்டமளிப்பு விழாவன்று காலையில் அணிந்த கறுப்பு அங்கியை மாலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பட்டம் மட்டும் நம்மிடம் தங்கிவிடுகிறது. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்ற வினாவுக்கு 1911ஆம் ஆண்டிலேயே விடை கண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறேன். அவர்தாம் சகோதரி சுப்புலட்சுமி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறிந்த அளவுக்கு நம் மாணவ, மாணவியர் இவரை அறியவில்லை என்பது என் கணிப்பு. இத்தனைக்கும் இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில்.

1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி தம்பதியருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டம். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வெழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். அக்கால வழக்கப்படி பதினொரு வயதில் மணமுடித்து வைத்தனர். சில காலத்திற்குள் கணவன் இறந்துபோனான். கணவன் முகத்தை நன்றாகப் பார்த்தறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

அந்நாளில் அந்தணர் குடும்பத்துக் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டதுதான். தலை மழிக்கப்படும், வெள்ளைப் புடைவை, ஒருவேளை உணவு, சமையற்கட்டே உலகம். சுபகாரியம் நடக்கும் வீட்டில் எதிரே வரலாகாது. சுப்புலட்சுமியின் பெற்றோர் அந்த வழியில் செல்லவில்லை. மகளின் தலையை மழிக்க மறுத்தனர். தந்தையே வீட்டில் ஆங்கிலம் கற்பித்தார். இளமையிலேயே கைம்பெண்ணாகிய சித்தியும் உடனிருந்து அவரைப் பேணினார். உறவினர் ஏசினர், ஊரார் பேசினர். படிப்பு நிற்கவில்லை. மாநிலக் கல்லூரியில் பயின்று 1911ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

இதோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு தனி மனுஷியின் வெற்றி, அவ்வளவுதான். அடுத்து அவர் செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. எழும்பூரில் தந்தையார் வீட்டிலேயே நான்கு கைம்பெண் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லித் தரத் தொடங்கினார். சித்தி அடுப்படியைக் கவனித்துக்கொண்டார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. பள்ளி ஆய்வாளராயிருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி துணை நின்றார். அரசின் உதவியும் கிட்டியது.

இதில் ஒரு நுட்பமான கணக்கு இருந்ததை நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அந்நாளில் பெண்கள் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை. ஆண் ஆசிரியரிடம் வயது வந்த பெண்ணை அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். பெண்கள் படிக்காததால் பெண் ஆசிரியர் உருவாகவில்லை. பெண் ஆசிரியர் இல்லாததால் பெண்கள் படிக்கவில்லை. இந்தச் சுழலை எங்கே அறுப்பது? மணமான பெண்ணுக்கு வீடும் மக்களும் இருந்தன. மணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்க எவரும் துணியவில்லை. எந்த வீட்டிலும் வேண்டாதவளாக, வேலைக்காரிபோல் காலந்தள்ளிய இளங் கைம்பெண்தான் படிக்கவும் பிறகு கற்பிக்கவும் கூடியவளாக இருந்தாள். சமூகம் ஒதுக்கித் தள்ளியவளை அந்தச் சமூகத்திற்கே ஆசிரியையாக்கித் திருப்பித் தந்தார் சுப்புலட்சுமி. கருணை மட்டும் இதற்குப் போதாது. நிர்வாகியின் மூளையும் வேண்டும்.

விடுதி வளர்ந்து, கடற்கரைச் சாலையிலிருந்த ஐஸ்ஹவுஸ் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். சென்ற ஆண்டு நான் அச்சாலையில் நடந்து பார்த்தேன். வடக்கே பல்கலைக்கழகம், அடுத்து அவர் பயின்ற மாநிலக் கல்லூரி, அப்பால் ஐஸ்ஹவுஸ், இன்னும் தெற்கே 1914இல் தொடங்கப்பெற்ற இராணி மேரி கல்லூரி. விடுதிப் பெண்கள் பலர் அக்கல்லூரிக்குச் சென்று பயின்றனர். தாம் பெற்றதை அவர் தொலைவில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பெற்ற இடத்துக்கு அருகிலேயே கொடுத்தார். பக்கத்துக் குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி நடத்தினார். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதே சாலையில் தோன்றியபோது அதன் முதல் முதல்வர் அவரே. அக்கல்லூரி பெயர் சற்றே மாறி இன்றும் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது.

எனக்கொரு நெருடல் உண்டு. அதை மறைத்து எழுதினால் இது புகழ்மாலை ஆகிவிடும். அந்த விடுதி அந்தணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அங்கே மடி, ஆசாரம் எல்லாம் கடுமையாகவே அனுசரிக்கப்பட்டன. மறுமணத்தை அவர் முன்னின்று பரப்பவுமில்லை. அன்றைய சீர்திருத்தக்காரர்களுக்கு இது போதவில்லை. வைதிகர்களுக்கோ அவர் செய்த அளவே பொறுக்கவில்லை. ஆசாரம் குலைந்தது என்ற ஒரு சொல் வெளியே பரவினால் மறுநாளே பெண்களைப் பெற்றோர் அழைத்துக்கொண்டு போய்விடுவர் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். ஆயினும், அதே காலத்தில் எந்த விடுதியிலும் இடம் கிடைக்காத பிற சாதிச் சிறுமிகளும் இருந்தார்களே என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆதரவற்ற பெண்களுக்காக 1930இல் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லம் தொடங்க நேர்ந்ததை நினைத்தால் அக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சமரசத்தால் கதவு திறந்தது உண்மை. எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதும் உண்மையே.

அரசு ஊழியர் என்பதால் இந்திய மாதர் சங்கத்தில் வெளிப்படையாகச் சேர அவரால் இயலவில்லை. ஆனால் குழந்தை மணத் தடைக்காக விசாரணை நடத்திய ஜோஷி குழுவின் முன் சென்று சாட்சியம் அளித்தார். அந்தச் சாட்சியத்திற்கு அவரைவிடத் தகுதி உடையவர் யார்? சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வயது கூடிய கைம்பெண்களுக்கு அரசு விடுதியில் இடமில்லாத குறையைப் போக்க 1927இல் சாரதா வித்தியாலயத்தை நிறுவினார்.

1920இல் கெய்சர்-இ-ஹிந்த் பொற்பதக்கம், 1958இல் பத்மஸ்ரீ என்று விருதுகள் வந்தன. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தார். ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் 1954இல் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக ஒரு மையம் தொடங்கத் துணை செய்தார். அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மயிலாப்பூர் மகளிர் மன்றத்தினரோடு சேர்ந்து வித்யா மந்திர் பள்ளியை உருவாக்கினார்.

எந்தத் துறவியர் சபையிலும் சேராத அவரைச் சென்னை மக்கள் சிஸ்டர் என்றே அழைத்தனர். தமக்கெனப் பிள்ளைகள் இல்லாத அவருக்கு, ஊர் ஊராகப் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மாணவியர் இருந்தனர். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, 83ஆம் வயதில் அவர் காலமானார்.