ரயில் டிரைவர் மகன் எட்டிப் பார்த்த மூளை அறை



ஜவளகிரிக்காரனான நான் டாக்டர் அல்ல. ஓசூரில் தொழிற்சாலை உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்த மலருக்கு ஒரு டாக்டரைப் பற்றித்தான் எழுதணும்னு நினைத்தேன். அவர் பெயர் வால்டர் டேண்டி.

காரணம் இருக்கிறது. என் தங்கை மகனுக்கு ஓயாத தலைவலி. குனிந்தால் கூடும், வாந்தி வரும். வெயில் என்றார்கள், கண்ணாடி போடச் சொன்னார்கள், திருஷ்டியும் கழித்தார்கள். ஒருநாள் கால் துவண்டு விழுந்துவிட்டான். பெங்களூரில் ஸ்கேன் எடுத்ததில் மூளையின் மூன்றாவது அறையில் கொலாய்டு சிஸ்ட், அதாவது கூழ் நிறைந்த சிறு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் மூளை நீர் வடியும் வாசலை அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கினால் திடீரென உயிரே போகலாம். மண்டையில் சின்னத் துளை போட்டு, எண்டோஸ்கோப் விட்டு எடுத்தார்கள். பிழைத்தான். இந்தக் கட்டியை முதன்முதலில் எடுத்தவர் யார் என்று தேடினேன், டேண்டி கிடைத்தார்.

1886 ஏப்ரல் 6-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செடாலியா என்ற ஊரில் பிறந்தார். நம்ம ஜோலார்பேட்டை மாதிரி ரயிலை நம்பிய ஊர். அப்பா ரயில் எஞ்சின் டிரைவர். இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பையன் படிப்பில் கெட்டி. 1910-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அங்கே மூளை அறுவையில் பெரிய பெயர் ஹார்வி குஷிங். டேண்டி அவரிடம்தான் வேலை கற்றார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1912-ல் பாஸ்டன் கிளம்பிய குஷிங், இவரை அழைத்துப் போகவில்லை. வேறு ஆளாக இருந்தால் சோர்ந்திருப்பார். இவரோ பிளாக்ஃபேன் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, மூளை நீர் எங்கே ஊறுகிறது, எப்படி வடிகிறது என்று ஆராயத் தொடங்கினார்.

அன்றைய எக்ஸ்ரேயில் மண்டை ஓடுதான் தெரியும், மூளை தெரியாது. 1918-ல் மூளை அறைக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். காற்று நிறைந்த அறை தனியாகத் தெரிந்தது. கட்டி எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது. 1921-ல் மூன்றாவது அறையின் கொலாய்டு சிஸ்டை வெற்றிகரமாக எடுத்தார். அந்த அறையின் கட்டிகளைப் பற்றி 1933-ல் தனிப் புத்தகமே எழுதினார்.

1922-ல் குழாய்க் கருவியை விட்டு மூளை அறையை எட்டிப் பார்த்ததையும் எழுதினார். ஆனால் லென்ஸும் வெளிச்சமும் போதாத காலம். அதைக் கொண்டு செய்த சிகிச்சை பலிக்கவில்லை. 1960களில் ஹாரால்ட் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டு லென்ஸ் செய்த பிறகுதான் அந்த வழி தெளிந்தது. 1980களில் கொலாய்டு சிஸ்டுக்கும் எண்டோஸ்கோப் வந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் டேண்டிக்குப் பொல்லாத கோபம் வருமாம். அதே மனிதர், பள்ளி ஆசிரியர்களிடமும் பணமில்லாதவர்களிடமும் ஃபீஸ் வாங்கமாட்டார். மூளை ஆபரேஷன் ஆனவர்களை இரவு பகலாகக் கவனிக்க 1923-ல் மூன்று படுக்கைகளோடு தனிப் பிரிவு வைத்தார்; இன்றைய ஐ.சி.யூ.வுக்கு அது முன்னோடி. 1946 ஏப்ரல் 19-ல் மாரடைப்பால் காலமானார், வயது 60.

அப்போது நம் நாட்டில் இந்தத் துறையே கிடையாது. 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் தொடங்கிவைத்தார்கள்.

தம்பி தங்கைகளே, பெரியவர் ஒருவர் நம்மை விட்டுவிட்டுப் போனால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடாது. இன்னொன்றும் சொல்கிறேன்: குனிந்தால் கூடுகிற, வாந்தியோடு வருகிற தலைவலியை வீட்டில் யாராவது சொன்னால், மாத்திரையோடு விடாதீங்க. டாக்டரிடம் காட்டுங்க.