சட்டைப் பைக்குள் வந்த வானொலி: மசாரு இபுக்காவின் கதை

1945 ஒக்டோபர். டோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில், போரில் சேதமடைந்து நின்ற ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மசாரு இபுக்கா என்ற 37 வயதுப் பொறியியலாளர் ஒரு சிறிய வேலைத்தளத்தைத் திறந்தார். அங்கு நடந்த முக்கியமான வேலை வானொலிப் பெட்டி திருத்துவது.

போர்க்காலத்தில் ஜப்பானிய இராணுவப் பொலிஸார் மக்களின் வானொலிப் பெட்டிகளில் சிற்றலைப் பகுதியைத் துண்டித்து விட்டிருந்தார்கள். எதிரி நாட்டு ஒலிபரப்பு மக்களின் காதில் விழக்கூடாது என்பதுதான் காரணம். போர் முடிந்ததும் உலகத்தில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் எல்லோருக்கும் இருந்தது. இபுக்காவின் ஆட்கள் ஒரு சிறு இணைப்புக் கருவியைச் செய்தார்கள். அதைப் பொருத்தினால் சாதாரணப் பெட்டியும் சிற்றலையைப் பிடிக்கும். அசாஹி பத்திரிகை இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியது. அதை வாசித்த அகியோ மோரிட்டா என்ற இளைஞர் இபுக்காவுக்குக் கடிதம் போட்டார். போர்க்கால ஆய்வுக் குழுவொன்றில் இருவரும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். 1946 மே 7ஆம் திகதி, 190,000 யென் முதலுடனும் இருபது பேரளவிலான ஊழியர்களுடனும் இருவரும் தொடங்கிய நிறுவனந்தான் 1958இல் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

சோனி என்றதும் பலருக்கும் மோரிட்டாவின் பெயர்தான் நினைவுக்கு வரும். விற்பனைக்காக உலகம் சுற்றியவர் அவர். இபுக்கா வேலைத்தளத்து மனிதர். நான் ஊடகக் கற்கைகள் படித்தபோது வானொலி வரலாறு மார்க்கோனியில் தொடங்கி ஒலிபரப்பு நிலையங்களோடு முடிந்துவிட்டது. பேசியவர்களின் வரலாறு அது. கேட்டவர்களின் பக்கத்திலிருந்து அந்த வரலாற்றை எழுதினால் இபுக்காவுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டிவரும் என்பது என் எண்ணம்.

இபுக்கா 1908 ஏப்ரல் 11ஆம் திகதி நிக்கோ என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பாட்டனாரின் பராமரிப்பில் வளர்ந்தார். வசேடா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1933இல் வெளியேறினார். புதிது புதிதாக எதையாவது செய்து பார்ப்பது அவர் சுபாவம். எல்லாம் கைகூடியதில்லை. நிறுவனத்தின் ஆரம்ப நாட்களில் மரத் தொட்டியில் அலுமினியத் தகடு பொருத்தி ஒரு மின்சாரச் சோற்றுப்பானை செய்தார்கள். சோறு ஒன்றில் குழைந்தது, இல்லையேல் வேகவில்லை. அது கைவிடப்பட்டது. 1950இல் வந்த ஒலிப்பதிவுக் கருவிதான் நிறுவனத்தை ஓரளவு நிமிர்த்தியது.

1952இல் இபுக்கா அமெரிக்கா போனார். ஒலிப்பதிவுக் கருவிக்குச் சந்தை எப்படி என்று பார்க்கப் போனவருக்கு வேறொரு செய்தி கிடைத்தது. பெல் ஆய்வுகூடத்தில் 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டரின் உரிமத்தை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 25,000 டொலருக்குக் கொடுக்கத் தயாராக இருந்தது. போரில் தோற்று அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாட்டில் அது பெரிய தொகை. ஜப்பானின் வர்த்தக அமைச்சு உடனே இணங்கவில்லை. 1954இல்தான் அனுமதி கிடைத்தது. உரிமம் கொடுத்தவர்களோ, காது கேளாதோருக்கான கருவி செய்யுங்கள் என்றே ஆலோசனை சொன்னார்கள். அன்றைய டிரான்சிஸ்டர், வானொலிக்குத் தேவையான உயர் அதிர்வெண்ணில் சரியாக வேலை செய்யாது. இபுக்கா வானொலிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். தொடக்கத்தில் செய்த நூறு டிரான்சிஸ்டர்களில் ஐந்தளவே தேறின. அப்படியிருந்தும் உற்பத்தியைத் தொடங்கச் சொன்னார். தேறும் அளவு போகப்போகக் கூடும், அதற்குள் பொருளைச் சந்தைக்குத் தயார்செய்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

முந்திக்கொள்ள முடியவில்லை. 1954 நவம்பரில் அமெரிக்காவின் ரீஜென்ஸி டிஆர்-1 உலகின் முதல் டிரான்சிஸ்டர் வானொலியாக விற்பனைக்கு வந்துவிட்டது. இபுக்காவின் டிஆர்-55 வந்தது 1955 ஓகஸ்டில். 1957இல் வந்த டிஆர்-63 தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் வானொலி என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். உண்மையில் அது சாதாரணச் சட்டைப் பையை விடக் கொஞ்சம் பெரிது. அதனால் விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்களாம்.

இந்த வெற்றியை ஒரு தனி மனிதரின் சாதனையாக மட்டும் எழுதிவிட முடியாது. ஜப்பானின் டிரான்சிஸ்டர் ஆலைகளில் மயிரிழை போன்ற கம்பிகளைப் பொருத்தியவர்களில் பெரும்பாலானோர், நடுநிலைப் பள்ளியை முடித்த கையோடு கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிய இளம் பெண்கள். 1961இல் சோனியில் தொழிலாளர் வேலைநிறுத்தமும் நடந்தது. நமது ஆடைத் தொழிற்சாலைகளின் கதை தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது.

இபுக்காவின் பிடிவாதம் நம் வீடுகளில் எதை மாற்றியது? வால்வு வானொலி வீட்டு மண்டபத்துத் தளபாடம். மின்சாரம் உள்ள வீட்டில்தான் பெரும்பாலும் அது இருக்கும். பற்றரியில் இயங்கும் வால்வுப் பெட்டி ஒன்றுக்கு 67 அல்லது 90 வோல்ட் பற்றரி வேண்டும், வால்வைச் சூடாக்க இன்னொரு பற்றரி வேண்டும். டிரான்சிஸ்டருக்கு ஒருசில வோல்ட் போதும். ஆறு வோல்ட் இருந்தால் உலகத்தைக் கேட்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அந்த ஆறு வோல்ட்டின் பெறுமதி வடக்கில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. நான் அப்போது சிறுபிள்ளை. எங்கள் ஒழுங்கையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்பார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். கொழும்பு வானொலி ஒன்றைச் சொல்லும், புலிகளின் குரல் இன்னொன்றைச் சொல்லும், இரவில் சிற்றலையில் பிபிசி தமிழோசை வரும். மூன்றையும் கேட்டு, மூன்றையும் கழித்து, எஞ்சியதைப் பெரியவர்கள் நம்பினார்கள். செய்தியை ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் கற்றேன். எங்கள் ஒழுங்கையில் அதை எல்லோரும் செய்தார்கள்.

வானொலி அதோடு நிற்கவில்லை. 1967இல் சோனி ஒருங்கிணைந்த மின்சுற்றில் இயங்கும் சிறு வானொலியை விற்றது. வானொலியும் கசெற்றும் ஒன்றான பெட்டிகள் வந்தன. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்களின் பயணப் பொதியில் அவை ஊருக்கும் வந்தன. 1980இல் வந்த ஐசிஎஃப்-2001இல் முள்ளைத் திருகித் தேட வேண்டியதில்லை. எண்களை அழுத்தினால் அலைவரிசை வரும்.

1979இல் வெளியான வோக்மனுக்குப் பின்னாலும் இபுக்காதான் இருந்தார். விமானப் பயணத்தில் பாட்டுக் கேட்க ஒரு சிறிய கருவி வேண்டும் என்று அவர் கேட்டதிலிருந்தே அது உருவானது. மண்டபத்திலிருந்து சட்டைப் பைக்கு வந்த ஒலி, அதோடு ஒற்றை மனிதரின் காதுக்குள் போய்ச் சேர்ந்தது. இதில் ஓர் இழப்பும் உண்டு. ஒரே பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்ட கூட்டம் கலைந்தது. கேட்டதும் உடனே வாதிடப் பக்கத்தில் ஆளில்லாமல் போனது.

இபுக்கா 1997 டிசம்பர் 19ஆம் திகதி தனது 89ஆவது வயதில் காலமானார். அந்த நாட்களில் ஜயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்த வன்னியில் பற்றரி இன்னமும் கிடைத்தற்கரிய பொருளாகவே இருந்தது.

இன்று செய்தி கைபேசியில் வருகிறது. வசதிதான். ஆனால் 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியதை மறந்துவிடக் கூடாது. வதந்தியைத் தடுக்கவே என்றார்கள். வதந்தி உண்மையிலேயே ஆபத்தாக இருந்தது. ஆனாலும் நடுவில் ஒரு ஆளியை அணைத்தால் முழு நாட்டின் வாசலும் மூடிவிடும் என்பது அன்று வெளிச்சமானது. ஜப்பானிய இராணுவப் பொலிஸார் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியாகத் தேடிப்போய்த் துண்டிக்க வேண்டியிருந்தது. சிற்றலை வானொலியில் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே அனுமதி கொடுக்க எவரும் இல்லை. இபுக்கா திருத்திக் கொடுத்த பெட்டிகளில் இருந்த அந்தச் சுதந்திரம் நம் கைபேசிகளில் இல்லை.